பாய்லர் மாறும்போது ஆட்கள் என்ன ஆவார்கள்? ஆலைகளின் பசுமை மாற்ற வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பீன்யா, பொம்மனஹள்ளி, ஜிகணி, பொம்மசந்திரா என்று பெங்களூரின் எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் ஏதாவது ஓர் ஆலையில் மாற்று வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஓரிடத்தில் கூரையில் சோலார் ஏறுகிறது, இன்னோரிடத்தில் விறகு பாய்லர் இறங்கி கேஸ் பாய்லர் வருகிறது, டீசல் ஜெனரேட்டர் இருந்த மூலையில் பேட்டரி அலமாரி உட்காருகிறது. ஐரோப்பாவுக்குப் போல்ட், ஸ்க்ரூ போகும் பட்டறைகளுக்கு, "ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு கார்பன்?" என்று வாங்குபவர்களிடமிருந்து கேள்வித்தாள் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்துவிட்டது. இரும்பு போல்ட்டும் ஸ்க்ரூவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று பேசும் காலம் முடிந்துவிட்டது.

பேச வேண்டியது பங்கைப் பற்றித்தான். முதலாளிக்கு கரன்ட், டீசல் செலவு குறையும், வாங்குபவருக்கு அறிக்கையில் போட ஒரு நல்ல எண் கிடைக்கும். விறகு தள்ளிய ஆளுக்கு என்ன கிடைக்கும்? அந்தப் புகைக்குப் பக்கத்திலேயே லக்கரேயிலும் ஹெக்கனஹள்ளியிலும் வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்கு? எங்கோ ஒரு மானாவாரிக் காட்டில் பேனல் நட்டதால் களையெடுப்பு வேலை போன கூலிக்காரம்மாவுக்கு?

கம்பெனியின் மனிதவளப் பிரிவிலோ பசுமைப் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்தவர்கள், குறைதீர் குழுவில் தொழிலாளர் சார்பில் உட்காருபவர்கள், ஆலைக்குப் பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கீழே சொல்லும் எல்லா வேலையும் பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்து விழுவதற்கு முன்னால் தொடங்க வேண்டும். அதற்கு அப்புறம் போய்க் கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கிடைக்கும், அவ்வளவுதான்.

முதல் வேலை: பாய்லர் அறையில் ஆள் எண்ணுவது

ஜீன்ஸ் துணி துவைக்கும் ஒரு வாஷிங் யூனிட்டை வைத்துப் பார்ப்போம். துவைக்க, உலர்த்த, இஸ்திரி போட எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். பாய்லரைப் பார்த்துக்கொள்ள சான்றிதழ் பெற்ற ஆபரேட்டர் இருந்தாக வேண்டும், அது சட்டம். அவர் பெயர் கம்பெனி ரெஜிஸ்டரில் இருக்கும், சம்பளச் சீட்டு இருக்கும். மாற்றத் திட்டம் போடும்போது பொறியாளர்கள் "பாதிக்கப்படும் ஊழியர்: ஷிப்ட்டுக்கு ஒருவர்" என்று எழுதுவது இவரைத்தான்.

அறைக்குள் போய்ப் பாருங்கள். விறகைப் பிளக்க ஒருவர், தள்ள ஒருவர், சாம்பல் வார ஒருவர் இருப்பார்கள். லாரியிலிருந்து இறக்கும் ஆட்கள் தனி. சாம்பலை மூட்டை கட்டி எடுத்துப்போய் விற்கும் ஒருவரும் இருக்கலாம். இவர்களில் பாதிப் பேர் எந்தத் தாளிலும் இருக்க மாட்டார்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணா, உங்க பேரு எந்த ரெஜிஸ்டர்ல இருக்கு?"

"அதெல்லாம் மேஸ்திரிகிட்ட கேளுங்க தம்பி. காசு அவருதான் தர்றாரு."

"பி.எஃப். நம்பர் ஏதாவது?"

"பிடிக்கிறாங்கன்னுதான் சொல்றாங்க."

இந்த நாலு வரி கிடைத்துவிட்டால் உங்கள் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு பெயர், சொந்த ஊர், இங்கே எத்தனை வருடம், கையில் காசு தருவது யார், பி.எஃப். மற்றும் ஈ.எஸ்.ஐ. எண் உண்டா, வேறென்ன வேலை தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கேட்க வேண்டாம், உண்மை வராது. மனிதவள அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாலும் வராது. டீ நேரத்தில் வெளியே கேளுங்கள். இரவு ஷிப்ட்டுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும், ஆட்கள் வேறு.

மொழி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு சறுக்கல் உண்டு. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்களிடம் தமிழில் பேசி, நாலு பேரைத் தெரிந்துகொண்டதும் கணக்கு முடிந்தது என்று கிளம்பிவிடுவோம். ரெய்ச்சூரிலிருந்து வந்த கன்னடக்காரரும் ஒடிசாப் பையனும் விடுபட்டுப் போவார்கள். பெரும்பாலும் கடினமான வேலை அந்தப் பையனிடம்தான் இருக்கும். அறிவிப்பு எது ஒட்டினாலும் கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் ஒட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் என்ன கிடைக்கும்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய தொழில் தகராறு சட்டத்தை வைத்து யாராவது பாடம் எடுத்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றமென்றால், அவற்றில் ஒன்றான தொழிலுறவுத் தொகுப்பின்படி 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்தினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம். 300 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள ஆலையானால் அரசின் முன் அனுமதியும் வேண்டும். புதிதாக வந்த ஒன்று, மறுதிறன் நிதி. நிறுத்தப்படும் ஒவ்வொருவருக்கும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில் 15 நாள் ஊதியத்தை முதலாளி அந்த நிதியில் போட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். 15 நாள் சம்பளத்தில் யாரும் புதுத் தொழில் கற்றுவிட முடியாது என்பது வேறு விஷயம், ஆனால் கேட்டு வாங்க வேண்டிய காசு.

ஓட்டை எங்கே என்றால், இதெல்லாம் ரெஜிஸ்டரில் பெயர் உள்ளவருக்கு. கான்ட்ராக்ட் ஆளுக்கு முதலாளி கான்ட்ராக்டர். ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்துக்குத்தான் என்று வரம்பு உயர்ந்துவிட்டது, முன்பு 20. வாஷிங் யூனிட்டின் பாய்லர் ஆட்கள் ஐம்பது பேர் எங்கே இருக்கப் போகிறார்கள்? அதனால்தான் முதலில் ஆள் எண்ணச் சொன்னேன். சட்டம் தராததைக் கம்பெனியின் சொந்த உத்தரவாதமாக எழுதி வாங்க வேண்டியிருக்கும், அதற்குப் பெயர்ப் பட்டியல் கையில் வேண்டும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும். இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, பெண் தொழிலாளர்களின் விகிதத்துக்குக் குறையாமல் பெண்கள். பட்டியலை அந்தக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏற்றிவிடுங்கள். நடவடிக்கைக் குறிப்பில் ஒருமுறை பதிவானால் பிறகு "எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்ல முடியாது.

ஆர்டரில் எழுத வேண்டியவை

வாங்கும் பிரிவில் இருப்பவர் உங்களைப் பார்த்து முகம் சுளிப்பார். பரவாயில்லை, டீ வாங்கிக்கொடுத்தாவது உட்கார வையுங்கள். புதுக் கருவி கொண்டுவரும் சப்ளையரிடம் விலை பேசும் நேரத்தில்தான் நிபந்தனை போட முடியும்.

இப்போது பாய்லர் அறையில் இருப்பவர்களுக்குப் புதுக் கருவியில் பயிற்சி தருவது சப்ளையரின் பொறுப்பு என்று எழுதுங்கள். பயிற்சி வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு நடக்க வேண்டும். கேஸ் பாய்லருக்கும் சான்று பெற்ற ஆபரேட்டர் தேவை, அதனால் பழைய ஆபரேட்டர் பெரும்பாலும் தப்பிப்பார். உதவியாளர்களுக்குத்தான் இடம் தேட வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தை வெளி ஆளுக்குக் கொடுத்தால், முதலில் இந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், இப்போதைய கூலிக்குக் குறையக் கூடாது என்று ஒரு வரி. கடைசித் தவணைப் பணத்தைப் பயிற்சி முடிந்த கையெழுத்துத் தாளோடு கட்டிப் போடுங்கள். சப்ளையர்களுக்குப் புரியும் மொழி அது ஒன்றுதான்.

கூரை சோலார் என்றால் இன்னொன்றும் சேரும். பீன்யாவின் பழைய ஷெட்டுகளில் கூரை பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கால் வைத்தால் தெரியாது, உடையும்போதுதான் தெரியும். பேனல் பொருத்த வரும் பையன்கள் தினக்கூலிக்கு வருபவர்கள், இடுப்பில் பெல்ட் இருக்கும், அதை மாட்ட ஓரிடம் இருக்காது. நடைபாதைப் பலகை, உயிர்க்கயிறு, ஷீட்டுக்குக் கீழே வலை, இவற்றுக்கான காசு மதிப்பீட்டுத் தாளில் தனி வரியாக வர வேண்டும். "மொத்தத்தில் அடக்கம்" என்று எழுதினால் அது வராது. பொருத்தி முடித்த பிறகும் பேனல் கழுவ மாதாமாதம் ஒருவர் மேலே ஏறத்தான் போகிறார். அவரும் யாரோ ஒரு கான்ட்ராக்டரின் ஆள்.

கரன்ட் எந்த ஊரிலிருந்து வருகிறது

பெரிய ஆலைகள் கூரையோடு நிற்பதில்லை. 2022 ஜூனில் வந்த பசுமை மின் திறந்த அணுகல் விதிகள், 1 மெகாவாட் என்றிருந்த வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. நடுத்தர ஆலைகூட இப்போது வெளி மாவட்டத்துச் சோலார் அல்லது காற்றாலையிலிருந்து நேரடியாக வாங்கலாம். பலர் சேர்ந்து சொந்த உபயோக நிலையமாக வைத்துக்கொள்வதும் உண்டு. அதற்கு, பயன்படுத்துபவர்கள் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், மின்சாரத்தில் 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும்.

இந்த 26 சதவீதத்தைப் பலரும் மின் கட்டணச் சலுகைக்கான சடங்காகத்தான் பார்க்கிறார்கள். நான் அதை உரிமையாகப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் வெறும் வாடிக்கையாளர் இல்லை, பங்குதாரர். அந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க உங்கள் கம்பெனிக்கு முழுத் தகுதி இருக்கிறது.

ஏன் கேட்க வேண்டும் என்பதற்குத் துமகூரு மாவட்டத்துப் பாவகடா சோலார் பூங்கா இருக்கிறது. பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். 2,050 மெகாவாட், ஏறக்குறைய 13,000 ஏக்கர், ஐந்து ஊர்கள். நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏறும். வறட்சியில் அடிபட்ட ஊரில் நிலம் வைத்திருப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு, மழை பெய்தாலும் பொய்த்தாலும் காசு வரும், நிலமும் பெயரில் இருக்கும். நிலம் பறிக்கும் திட்டங்களோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

ஆனால் குத்தகை பட்டா உள்ளவருக்கு. கடலைக்காட்டில் களையெடுத்தவர்கள், பட்டா இல்லாமல் உழுதவர்கள், ஆடு மேய்த்தவர்கள் ஆகியோருக்கு நிலம் வேலிக்குள் போனதும் வேலையும் போனது. நிலமில்லாதவர்களில் தலித் குடும்பங்கள் அதிகம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூங்காவுக்குள் கிடைத்த வேலை புல் வெட்டுவது, பேனல் துடைப்பது, காவல் நிற்பது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. கட்டுமானம் நடக்கும்போது நிறைய ஆள் வேண்டும், முடிந்ததும் கொஞ்சப் பேர் போதும். இது சோலாரின் இயல்பு, யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. முன்கூட்டியே திட்டமிடாததைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம் புதியவர்களுக்குத் தெரியாது. அனல் மின் நிலையத்துக்கு நடப்பது போல, சூரிய ஒளி மின் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பதில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்குப் பொருந்தாது என்று விலக்கு இருக்கிறது. அப்படியென்றால் அந்த ஊர்க்காரர் யாரிடம் முறையிடுவார்? மின்சாரம் வாங்கும் நீங்கள் கேட்டால்தான் உண்டு.

ஒப்பந்தத்துக்கு முன் மின் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நிலம் குத்தகையா, கிரயமா? பட்டா இல்லாமல் பயிரிட்டவர்களைக் கணக்கெடுத்தார்களா, அவர்களுக்கு என்ன ஏற்பாடு? மேய்ச்சலுக்கும் நடைவழிக்கும் வேலியில் திறப்பு உண்டா? பேனல் கழுவத் தண்ணீர் ஊர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, அல்லது தண்ணீர் இல்லாமல் துடைக்கும் கருவியா? நிரந்தர வேலையில் எத்தனை பேர் நிலையத்தைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், அதில் பெண்கள் எத்தனை? பதில் மழுப்பலாக வந்தால் ஊருக்கே ஒருமுறை போங்கள். பஞ்சாயத்துத் தலைவரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், காலனிப் பக்கமும் போக வேண்டும். கன்னடம் தெரிந்த, கம்பெனிச் சட்டை போடாத ஒருவர் கூட வந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஆலைக்குப் பக்கத்துத் தெருக்கள்

சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றி ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ நிகரச் சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், செயல்படும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். தன் ஊழியர்களுக்குப் பயன்படும் செலவு இதில் சேராது. ஆகவே பாய்லர் ஆபரேட்டரின் பயிற்சிச் செலவை இந்த நிதியில் காட்ட முடியாது. அது திட்டச் செலவில் வர வேண்டும். இதைத் தெரியாமல் "அந்த நிதியில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுவார்கள், கடைசியில் இரண்டிலும் இருக்காது.

நிதியை எதற்குச் செலவிடுவது? சோலார் விளக்கு, வீட்டுக்கூரை பேனல் என்று உடனே கிளம்ப வேண்டாம். கர்நாடகத்தில் கிருஹ ஜோதி திட்டத்தில் 2023 ஆகஸ்ட் முதல் வீடுகளுக்கு 200 யூனிட் வரை மின் கட்டணம் இல்லை. லக்கரேயில் ஓர் அறை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு பில்லே பூஜ்யம், பேனல் வைத்து எதைக் குறைப்பது? மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டுதான். அதற்குக் கூரை சொந்தமாக இருக்க வேண்டும், வாடகைக்காரருக்குக் கூரை ஏது?

அவர்களிடமே கேளுங்கள். அங்கன்வாடியில் மின்விசிறி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையில்லா மின்சாரம், மூச்சுத் தொல்லைக்குப் பரிசோதனை முகாம், சாக்கடை என்று வேறு பட்டியல் வரும். புகை உண்மையாகவே குறைந்ததா என்று அளந்து தெருவில் ஒட்டச் சொல்லிக் கேட்கவும் செய்வார்கள். அது நியாயமான கேள்வி, முதலில் அதைச் செய்யுங்கள்.

சின்னப் பட்டறைகள்

வாடகை ஷெட்டில் நாலு லேத் வைத்திருப்பவரிடம் போய் "பசுமைக்கு மாறுங்கள்" என்று சொல்வது சுலபம். கூரை ஷெட் உரிமையாளருடையது, கடன் வங்கியுடையது, கேள்வித்தாள் மட்டும் இவருடையது. பெரிய கம்பெனியில் இருப்பவர்கள் நெருக்குவதற்கு முன் கார்பன் கணக்கு எழுத ஆளையாவது அனுப்பி வையுங்கள். கடனுக்கு, மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன முகமை 2025 ஜூலையில் தொடங்கிய அதீதி திட்டத்தில் குறு, சிறு தொழில்களுக்கு வட்டியில் 5 சதவீதமும் நடுத்தரத் தொழில்களுக்கு 3 சதவீதமும் மானியம். வார்ப்படம், ஃபோர்ஜிங், ஜவுளி உட்பட 14 துறைகள். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்துவிடச் சொல்லுங்கள்.

பயிற்சி என்ற பெயரில்

வேலை போகிறவர்களுக்கெல்லாம் சோலார் டெக்னீசியன் பயிற்சி என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சூர்யமித்ரா என்ற 600 மணி நேர இலவசப் பயிற்சி நல்ல திட்டம்தான். 22 வயது ஐ.டி.ஐ. பையனுக்கு அனுப்புங்கள். நாற்பத்தெட்டு வயதில், எட்டாவது வரை படித்து, முழங்கால் வலியோடு விறகு தள்ளும் அண்ணனைக் கூரையில் ஏற்றப் போகிறீர்களா? அவருக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் உதவியாளர், கம்ப்ரஸர் அறை, ஸ்டோர் என்று அதே வளாகத்தில் இடம் பாருங்கள். கேட்டால் பெரும்பாலோர் சொல்வதும் அதுதான்: இதே கேட்டுக்குள், இதே சம்பளத்தில், உட்காரக் கொஞ்சம் நிழல்.

பழைய சாமான்

கழற்றிய பாய்லரையும் குழாயையும் இரும்புக் கடைக்காரருக்கு எடைக்குப் போட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பழைய நீராவிக் குழாயின் மேல் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பழைய இரும்புக் கடைகள் இருக்கும் ஜாலி மொஹல்லாவில் அதை வெறுங்கையால் உரிப்பவருக்கு முகமூடிகூட இருக்காது. பரிசோதித்து, நீக்கியபின் விற்க வேண்டும். பேட்டரிக்கு 2022 பேட்டரிக் கழிவு விதிகள், சோலார் பேனலுக்கு 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரின் ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

ஒரு வருடம் கழித்து

முதல் நாள் எழுதிய பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். இப்போது எங்கே, என்ன கூலி, எத்தனை நாள் வேலை. கம்பெனி பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்துக்குள் இருந்தால், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் நிலைத்தன்மை அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டாக வேண்டும். நிரந்தரமற்ற தொழிலாளர் எண்ணிக்கை, குறைகள், எரிசக்தி எல்லாம் அதில் வரும். உங்கள் நோட்டையும் அந்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்தாத இடத்தில் கேள்வி கேளுங்கள்.

வெளியில் இருப்பவர்களுக்கு, அதாவது குடியிருப்புச் சங்கத்தாருக்கு, தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. ஆலை எந்த எரிபொருளை எரிக்கலாம், புகைபோக்கி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இயக்க ஒப்புதலில் இருக்கும். அந்த ஒப்புதலின் நகலையும் கடைசி ஆய்வு அறிக்கையையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொல்லுக்குள். தமிழில் எழுதினால் ஏற்க மாட்டார்கள், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தர பக்கத்து வீட்டுப் பிள்ளை போதும்.